பரண் மேல ஒரு ஸ்ட்ராடிவாரியஸ்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான பொய்யைச் சொல்லப் போறதில்லை. எழுத விஷயம் கிடைக்கலை, அவ்வளவுதான். போன ஞாயித்துக்கிழமை கிடைச்சது.

ஊர்ல இருந்து அண்ணன் போன். அண்ணன்னா பெரியப்பா மகன். கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுக்குக் கேரளாப் பக்கம் மாந்தோப்பு பார்த்துக்கிட்டு இருக்கார். ஊர் தெரியாதவங்களுக்கு: பொள்ளாச்சியில கொல்லங்கோடு பஸ் ஏறினா நடுவுல வர்ற எல்லை ஊர். வீட்டுல தமிழ், பஞ்சாயத்து ஆபீஸ்ல மலையாளம், சந்தைக்குப் பொள்ளாச்சி. இதுதான் எங்க வாழ்க்கை.

"தம்பி, அப்பா வயலின் பரண்ல கிடந்துச்சில்ல, அதை இறக்கினேன். உள்ளார டார்ச் அடிச்சுப் பார்த்தா ஸ்ட்ராடிவாரியஸ்னு போட்டிருக்குடா. பையன் நெட்ல பார்த்துட்டுச் சொல்றான், நூறு கோடிக்கு ஏலம் போயிருக்காம். நீ லண்டன்லதானே இருக்கற? அங்கதான் ஏலம் விடறாங்களாம். ஏதாச்சும் பண்ணு சாமி."

நான் உடனே சிரிச்சேன்னு நினைக்காதீங்க. வாட்ஸப்ல போட்டோ வர்ற வரைக்கும் மனசுக்குள்ள பங்கு பிரிச்சுக்கிட்டு இருந்தேன். அண்ணனுக்குப் பாதி, எனக்குக் கால், அத்தைக்குக் கால். வெட்கமாத்தான் இருக்கு, ஆனா நடந்தது அதுதான்.

போட்டோ வந்தது. மஞ்சளாப் போன காகிதத்துல லத்தீன்ல, கிரெமோனா ஊர்க்காரர் அந்தோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ் இன்ன வருஷம் செஞ்சதுன்னு இருக்கு. அதுக்குக் கீழேயே பொடி எழுத்துல இன்னொரு வரி: மேட் இன் ஜெர்மனி.

கிரெமோனா இருக்கிறது இத்தாலியில. ஸ்ட்ராடிவாரி செத்தது 1737-ல. ஜெர்மனின்னு ஒரே நாடு உருவானதே 1871-ல. வெளிநாட்டுச் சரக்கை உள்ளூர்ச் சரக்கு மாதிரி காட்டி ஏமாத்தக் கூடாதுன்னு பிரிட்டன் சட்டம் போட்டது 1887-ல. அதுக்கப்புறம்தான் அந்த மேட் இன் ஜெர்மனி பரவலா ஒட்ட ஆரம்பிச்சது. ஜெர்மனியில மார்க்நொய்கிர்ஷன், மிட்டன்வால்ட், பிரான்ஸ்ல மிரக்கூர்னு சில ஊர்கள். நம்ம திருப்பூர் பனியன் மாதிரி அங்கே வயலின். ஒரு வீட்டுல கழுத்து செதுக்குவாங்க, இன்னொரு வீட்டுல முதுகுப் பலகை. எல்லாத்தையும் சேர்த்து ஒட்டி, உள்ளே ஸ்ட்ராடிவாரியஸ் லேபிளும் ஒட்டி உலகம் பூரா அனுப்பினாங்க. அன்னிக்கு அது மோசடிகூட இல்லை. 'இந்த மாடல்'னு அர்த்தம், அவ்வளவுதான். நம்ம பெரியப்பா வாங்கினது அந்த ரகம். நூறு கோடி போச்சு. :)

இதை அண்ணன்கிட்ட சொன்னதும் அவர் கேட்டார்: "ஏன்டா, அந்தக் காகிதம் மட்டும் நிஜமா இருந்தா நூறு கோடி, இல்லைன்னா ஒண்ணுமில்லையா? அதே பொட்டிதானே? அதே சத்தம்தானே?"

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு. மாந்தோப்புக்காரர் கேட்ட கேள்விக்கு லண்டன்ல இருக்கிற எந்த ஏலக்காரராலயும் நேரா பதில் சொல்ல முடியாதுன்னு நினைக்கிறேன்.

*

முதல்ல ஏலம் எப்படி நடக்குதுன்னு சொல்லிடறேன். ஏலத்துக்கு முன்னாடி சில நாள் கருவிகளைப் பார்வைக்கு வைப்பாங்க. கேட்டலாக் போடுவாங்க. விலை எதுக்குள்ள இருக்கும்னு ஒரு மதிப்பீடு இருக்கும். இந்த விலைக்குக் கீழே தர மாட்டேன்னு விக்கிறவர் ரகசியமா ஒரு தொகை சொல்லி வெச்சிருப்பார். சுத்தியல் விழுந்த தொகைக்கு மேல, வாங்கினவர்கிட்ட ஏல நிறுவனம் தனியா ஒரு கமிஷன் வாங்கும். 2025 பிப்ரவரியில நியூயார்க்ல சாத்பீஸ் ஏலத்துல ஜோவாக்கிம்-மா அப்படிங்கிற 1714-ஆம் வருஷத்து ஸ்ட்ராடிவாரி வயலின் போச்சு. சுத்தியல் விழுந்தது 1 கோடி டாலர்ல. கமிஷனோட சேர்த்து 1 கோடியே 12.5 லட்சம். நடுவுல இருந்த பன்னிரண்டரை லட்சம் டாலர் கமிஷன். பொள்ளாச்சி மாட்டுச் சந்தை தரகர் கேட்டா மயக்கம் போட்டுடுவார்.

கேட்டலாக்கை எப்படிப் படிக்கணும்னு ஒரு கலை இருக்கு. 'இன்னார் செய்தது'ன்னு போட்டிருந்தா ஒரு விலை. 'இன்னார் செய்ததாகக் கருதப்படுவது'ன்னா அதுல பெரும்பகுதி காலி. 'இன்னாரின் பட்டறை'ன்னா இன்னும் குறையும். 'இன்னார் என்று லேபிள் உள்ளது'ன்னா, நம்ம பெரியப்பா வயலின்தான். மரம் மாறலை, வார்னிஷ் மாறலை, நாதம் மாறலை. வினைச்சொல் மாறுச்சு, கோடி லட்சமாச்சு, லட்சம் ஆயிரமாச்சு.

வில்லுக்கும் இதே கதைதான். வில் தனியா ஏலம் போகும். ஃபிரான்ஸுவா டூர்ட்டுன்னு பாரிஸ்காரர் ஒருத்தர், 1747-ல பிறந்து 1835-ல போய்ச் சேர்ந்தவர். இன்னிக்கு உலகம் பூரா வாசிக்கிற வில்லுக்கு வடிவம் கொடுத்தது அவர்னு சொல்வாங்க. அவர் கைப்பட்ட வில் ஒண்ணோட விலையில பொள்ளாச்சியில வீடே கட்டலாம். செஞ்சது பெர்னம்புகோங்கிற பிரேசில் மரத்துல. அந்த மரம் இன்னிக்கு அழிவின் விளிம்புல நிக்குது. 2007-ல இருந்து சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கு. பழைய வில் நுனியில சின்னதா ஒரு தந்தத் தகடு இருக்கும். எங்க ஊர்ல இருந்து பார்த்தா பரம்பிக்குளம் மலை தெரியும். தந்தம்னா எங்களுக்குக் காட்டுல நிக்கிற யானைதான் ஞாபகம் வரும், கேட்டலாக் இல்லை.

*

இப்போ என் முதல் குற்றச்சாட்டு. ஏலம் விலை பேசறது நாதத்தை இல்லை. பேரை, காகிதத்தை, கீறல் விழாத வார்னிஷை.

சும்மா சொல்லலை. ஏலத்துல வயலினுக்குக் கிடைச்ச பெரிய விலைகளைச் சொன்னா முதல்ல வர்ற பேர் லேடி பிளன்ட். 1721-ல செஞ்ச ஸ்ட்ராடிவாரி. 2011 ஜூன்ல டாரிசியோ நிறுவனம் ஏலம் விட்டு 98 லட்சம் பவுண்டுக்குப் போச்சு. நம்ம காசுல இன்னிக்கு நூறு கோடிக்கு மேல. அண்ணன் பையன் நெட்ல பார்த்தது இதைத்தான். ஏன் இந்த வயலினுக்கு அவ்வளவு விலை? நிபுணர்கள் சொன்ன முக்கியமான காரணம், அது அவ்வளவு புதுசா இருக்குங்கிறது. ஏன் புதுசா இருக்கு? முந்நூறு வருஷத்துல அதை அதிகம் யாரும் வாசிக்கலை!

இதை இன்னொரு தடவை படிங்க. வாசிக்கறதுக்காகச் செஞ்ச ஒரு பொருள், வாசிக்கப்படாம இருந்ததால விலை ஏறியிருக்கு. பொள்ளாச்சி சந்தையில ஒருத்தர் காளையைக் கூட்டிட்டு வந்து, "இது ஒருநாளும் ஏர் பூட்டலைங்க, வண்டி இழுக்கலைங்க, அதனால ரெண்டு மடங்கு விலை"ன்னு சொன்னா என்ன ஆகும்? சந்தையே சிரிக்கும்.

ஆக்ஸ்ஃபோர்டுல ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துல மெசையான்னு ஒண்ணு இருக்கு. 1716-ஆம் வருஷத்து ஸ்ட்ராடிவாரி. போன வருஷம் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக் கூண்டு, அழகான விளக்கு. நேத்துதான் பட்டறையில இருந்து வந்த மாதிரி பளபளன்னு தொங்குது. பக்கத்துல நின்ன ஒரு குழந்தை அம்மாகிட்ட கேட்டுச்சு, "இது எப்படிச் சத்தம் போடும்?" அந்தம்மா குனிஞ்சு விவர அட்டையைப் படிச்சாங்க. அதுல பதில் இல்லை.

சரி, பழைய கருவிகளோட நாதம் நிஜமாவே அவ்வளவு ஒசத்தியா? இதையும் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. க்ளாடியா ஃப்ரிட்ஸ்னு ஒரு விஞ்ஞானி, ஜோசப் கர்ட்டின்னு வயலின் செய்யறவர், இவங்க குழு. 2010-ல அமெரிக்காவுல இண்டியானாபொலிஸ் நகரத்துல 21 வயலின்காரங்களுக்கு எது எதுன்னு தெரியாதபடி இருட்டுக் கண்ணாடி மாட்டிவிட்டு, மூணு பழசு மூணு புதுசு கொடுத்து வாசிக்கச் சொன்னாங்க. அதிகம் பேர் புதுசையே விரும்பினாங்க. எல்லாருக்கும் கடைசியா வந்தது ஒரு ஸ்ட்ராடிவாரி. ரெண்டு வருஷம் கழிச்சுப் பாரிஸ் பக்கத்துல, பேர் பெற்ற 10 தனிக் கலைஞர்கள் 12 வயலின்களை வாசிச்சாங்க. 6 பேர் எடுத்தது புது வயலின். எது பழசு எது புதுசுன்னு அவங்களாலயே சரியாச் சொல்ல முடியலை. இந்தச் சோதனைகளைக் குறை சொல்றவங்களும் இருக்காங்க. ஒரு கருவியோட பழகவே வருஷக்கணக்காகும், ஒரு மணி நேரத்துல என்ன தெரியும்னு கேக்கறாங்க. நியாயமான கேள்விதான். ஆனா வாத்தியக்காரருக்கே பழகினாத்தான் தெரியும்னா, போன்ல ஏலம் கேக்கற முதலீட்டாளருக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?

2014-ல இந்தக் கூத்து இன்னும் ஒரு படி மேல போச்சு. மெக்டொனால்ட் அப்படிங்கிற 1719-ஆம் வருஷத்து ஸ்ட்ராடிவாரி வயோலாவுக்குச் சாத்பீஸ் கேட்ட குறைந்தபட்ச விலை 4.5 கோடி டாலர். யாரும் வாங்கலை. வாசிக்கிற எந்த மனுஷனாலயும் அதை நினைச்சுக்கூடப் பார்க்க முடியாது.

*

எதிர்க்கேள்வி கேக்கறவங்களுக்கு இப்பவே பதில் சொல்லிடறேன்.

ஒண்ணு. "ஏலம்தானே வெளிப்படையானது?" ஆமா, இதை ஒத்துக்கறேன். எங்க பக்கம் மாட்டுச் சந்தையில துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்க. சுத்தி நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. வயலின் வியாபாரமும் ரொம்ப காலம் அப்படித்தான் நடந்தது. வியன்னாவுல டீட்மார் மாகோல்டுன்னு உலகப் புகழ் டீலர். ஸ்ட்ராடிவாரின்னா அவர்தான்னு இருந்தவர். அவரை நம்பி ஒப்படைச்ச கருவிகளை வித்துத் தின்னுட்டார்னு 2012-ல கோர்ட் 6 வருஷம் ஜெயில் கொடுத்தது. துண்டுக்கு அடியில நடக்கிறதைவிட சுத்தியல் மேல். ஆனா திருட்டு இல்லைங்கிறது வேற, மதிப்பு சரிங்கிறது வேற.

ரெண்டு. "நல்ல காரியத்துக்குத்தானே பணம் போகுது?" லேடி பிளன்டை வித்தது நிப்பான் இசை அறக்கட்டளை. 2011-ல ஜப்பான்ல நடந்த சுனாமி நிவாரணத்துக்கு அந்தக் காசு போச்சு. ஜோவாக்கிம்-மா வயலின் போஸ்டன்ல இருக்கிற நியூ இங்கிலாந்து இசைக் கல்லூரிக்கு அவங்க பழைய மாணவர் சீ-ஹோன் மா குடும்பத்துல இருந்து வந்தது. மாணவர் உதவித்தொகைக்குன்னு வித்தாங்க. ரெண்டு பேருக்கும் கும்பிடு. ஆனா இந்தப் பாராட்டு வித்தவங்களுக்குச் சேர வேண்டியது. வாங்கினவர் அதை என்ன செஞ்சார்ங்கிறதுதான் என் கேள்வி. அந்தக் கேள்விக்குக் கேட்டலாக்ல இடமே கிடையாது.

மூணு. "பணக்காரங்க வாங்கிக் கலைஞர்களுக்கு இரவல் தர்றாங்களே?" சில பேர் தர்றாங்க. தர்றவங்க வாழ்க. ஆனா இரவல் இரவல்தான். எசமான் மனசு மாறினா அடுத்த மாசம் திருப்பிக் கொடுக்கணும். இருபது வருஷம் ஒரு கருவியோட பேசிப் பழகின கை, ஒருநாள் வெறுங்கையா நிக்கும். குத்தகை நிலத்துல தென்னை வெச்ச கதை. எங்க ஊர்ல அது எல்லாருக்கும் புரியும்.

இதுக்கு வேற வழியே இல்லையான்னா, இருக்கு. பாகனினி தன்னோட வயலினை, 1743-ல குவார்னேரி செஞ்சது, பேரு கனோனே, அதாவது பீரங்கி, தன் ஊரான ஜெனோவாவுக்கு எழுதி வெச்சுட்டுப் போனார். ஊர் அதை விக்கலை. பத்திரமாவும் வெச்சிருக்கு, போட்டியில ஜெயிக்கிற இளைஞர் கையில கொடுத்து வாசிக்கவும் விடுது. இன்னொண்ணு: யோ-யோ மா 1999-ல நியூயார்க்ல தன்னோட 1733-ஆம் வருஷத்து மொன்டன்யானா செல்லோவை டாக்சி டிக்கியில மறந்து வெச்சுட்டு இறங்கிட்டார். அன்னிக்கே கிடைச்சிடுச்சு. எல்லாரும் இதை அலட்சியத்துக்கு உதாரணமாச் சொல்வாங்க. நான் என்ன சொல்றேன்னா, டாக்சியில மறக்கணும்னா முதல்ல அது டாக்சியில போகணும். கச்சேரிக்குப் போற செல்லோவுக்குத்தான் அந்த ஆபத்து. பெட்டகத்துல தூங்கறதுக்கு இல்லை.

*

இதுவரைக்கும் வெள்ளைக்காரனைத் திட்டினேன். சுகமா இருந்துச்சு. இனிமே நம்மளை.

வயலின் நம்ம ஊருக்கு வந்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. முத்துசாமி தீட்சிதரோட தம்பி பாலுசாமி தீட்சிதர், தஞ்சை நால்வர்ல ஒருத்தரான வடிவேலு, இவங்கல்லாம் ஐரோப்பியக் கருவியை வாங்கி, உட்கார்ந்து, சுருளைக் கால்ல முட்டுக் கொடுத்து, சுருதியை மாத்தி, அதைக் கர்னாடக சங்கீதத்துக்குப் பேச வெச்சாங்க. 1834-ல சுவாதித் திருநாள் மகாராஜா வடிவேலுவுக்குத் தந்தத்துல செஞ்ச வயலின் பரிசு கொடுத்தார். செளடையா ஏழு தந்தி போட்டார். பாலக்காட்டுக்காரங்களுக்குச் செம்பை பேரைச் சொன்னா பின்னாடியே அவருக்கு வாசிச்ச செளடையா பேரும் வரும். லால்குடி ஜெயராமன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன், டி.என். கிருஷ்ணன்னு மூணு பேரு, மூணு வழி. இவங்க கச்சேரியில எந்த ரசிகராவது, "வயலின் யார் செஞ்சதுங்க, எந்த வருஷம்?"னு கேட்டு நான் பார்த்ததில்லை. நமக்குக் கைதான் கணக்கு. அதுல எனக்குப் பெருமை.

ஆனா அதோட மறுபக்கம்? கை போனதும் கருவியையும் பரணுக்கு அனுப்பிடறோம். பெரியப்பா போனப்புறம் அந்தப் பொட்டியை யார் திறந்தா? யாரும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற மழைக்காத்து ஈரத்துல பலகையை ஒட்டின வஜ்ஜிரம் விட்டுப் போயிருக்கு. உள்ளே நிக்கிற சின்ன மரக்குச்சி சாய்ஞ்சு உருளுது. வில்லுல குதிரை முடியைப் பூச்சி தின்னுடுச்சு, மொட்டைக் குச்சி மட்டும் இருக்கு. இதெல்லாம் போட்டோவுல தெரியுது. லேடி பிளன்டாவது பட்டுத் துணியில தூங்குச்சு. நம்ம வயலின் எலிப் புழுக்கை நடுவுல தூங்குச்சு. ரெண்டுமே வாசிக்கப்படலை. வாசிக்காம வெச்சிருந்த அவங்க கோடி கோடியாச் சம்பாதிச்சாங்க, நாம கரையான் வளர்த்தோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

பரண்ல இருந்து எப்போ இறக்கறோம்? நூறு கோடின்னு கேள்விப்பட்டதும். அண்ணனை மட்டும் சொல்லலை. நானும் அதே ஞாயித்துக்கிழமைதான் அந்த வயலினை நினைச்சேன்.

இதை அண்ணன்கிட்ட சொன்னேன். "ரிப்பேர் பண்ணி, வயலின் கத்துக்கிற பிள்ளைக்குக் கொடுத்துடலாம்ணா"ன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "உனக்கென்னடா, பவுண்டுல சம்பளம். இந்த வருஷம் மாங்கா பூவே சரியாப் பிடிக்கலை. சும்மா தூக்கிக் கொடுன்னு சொல்றது சுலபம்."

சுருக்குனு இருந்துச்சு. ஏன்னா அவர் சொன்னது நிஜம். ஏலத்தைப் பத்தி ரெண்டாயிரம் வார்த்தை திட்டறதுக்கு எனக்கு நேரமும் சம்பளமும் இருக்கு. அதோட இன்னொண்ணையும் ஒத்துக்கணும். கொடுத்துடலாம்னு சொல்றதுக்கு முன்னாடி எனக்கு வந்த யோசனை வேற. நானே அதை வாங்கி, இங்கே வீட்டுல ஹால் சுவத்துல மாட்டி, வர்றவங்க கிட்டல்லாம் 'எங்க பெரியப்பா வயலின்'னு காட்டலாம்னு. ஆஷ்மோலியன் கண்ணாடிக் கூண்டுக்கு ஒரு ஹால் கிளை! நல்லவேளை, நம்ம நாட்டுல 1972-ஆம் வருஷத்துச் சட்டம் ஒண்ணு இருக்கு. நூறு வருஷம் தாண்டின தொல்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இந்த வயலினுக்கு அது பொருந்துமோ என்னமோ, அந்தச் சட்டம் ஞாபகம் வந்ததும் என் சுவர் ஆசை அடங்கிடுச்சு.

இப்போதைக்கு ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். இங்கே கருவி தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட போட்டோவைக் காட்டினேன். நல்ல நிலைமையில இருந்தா சில நூறு பவுண்டு போகும்னார். அந்தத் தொகையை நான் அண்ணனுக்கு அனுப்பறேன். தானம்னு இல்லை, விலையா. ரிப்பேர் செலவும் என்னோடது. ஒரே நிபந்தனை, வயலின் எனக்கு வரக் கூடாது. கொல்லங்கோட்டுல பெரியப்பா கத்துக்கிட்ட தெருவுலயே இன்னிக்கும் பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஒரு டீச்சர் இருக்காங்களாம். சொந்தமா வயலின் இல்லாத பிள்ளை யாருன்னு அவங்க சொல்லட்டும். அந்தப் பிள்ளை வாசிக்கிற வரைக்கும் அது அந்தப் பிள்ளையோடது. நிறுத்தினா அடுத்த பிள்ளைக்கு. அண்ணன் "பார்க்கலாம்"னு சொல்லியிருக்கார். எங்க வீட்டுல "பார்க்கலாம்"னா முக்கால்வாசி சரின்னு அர்த்தம்.

உங்க வீட்டுப் பரண்லயும் ஒண்ணு இருக்கலாம். இருந்தா, டார்ச் அடிச்சு லேபிளைத் தேடாதீங்க. தந்தி மாட்ட முடியுமா, குதிரை நிக்குதா, வில்லுக்கு முடி கட்ட முடியுமான்னு பாருங்க. பக்கத்துல யார் கத்துக்கிறாங்கன்னு விசாரிங்க. நிஜ ஸ்ட்ராடிவாரியாவே இருந்துட்டா? முதல்ல எனக்குப் போன் பண்ணுங்க, நானும் பங்குக்கு வர்றேன். :))

பி.கு: பொள்ளாச்சி, பாலக்காடு, கோயமுத்தூர் பக்கம் பழைய வயலினைப் பிரிச்சு ஒட்டி, வில்லுக்கு முடி கட்டத் தெரிஞ்ச ஆசாரி யாராவது இருந்தா சொல்லுங்க மக்களே. ஃபெவிகால் போடற ஆள் வேண்டாம். வஜ்ஜிரம் காய்ச்சத் தெரியணும்.